முடிச்சு விழுந்த முனை

அன்னக்கொடி ஊக்கு நுனியால் ஒரு சேலையின் ஓரத்தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மடியில் கிடந்தது செத்துப்போன அவள் அம்மாவின் அரக்குச் சுங்குடி. பக்கத்தில் பாயில் பிள்ளை தூங்கியது. ட்ரங்குப் பெட்டி திறந்து கிடந்தது.

கத்தரிக்கோல் தரையில் வாயைத் திறந்துகொண்டு காத்திருந்ததைப் பார்த்ததும் சேலைக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

“என்னை வெட்டிடாதேப்பா,” என்றது. “அவளுக்கு அம்மான்னு மிச்சம் இருக்கிறது நான் ஒருத்திதான். முழுசா இருந்தாத்தான் அம்மா. துண்டாயிட்டா கரித்துணி.”

பெட்டி மூலையிலிருந்து பாச்சை உருண்டை எட்டிப் பார்த்தது. வந்தபோது கோலிக்குண்டு மாதிரி இருந்தது, இப்போது மிளகு மாதிரி ஆகியிருந்தது.

“பயப்படாதீங்க தாயீ! நான் காவல் இருக்கேன்ல? ஒரு பூச்சியை அண்டவிட்டேனா?”

“முதல்ல நீ கரையாம உன்னைக் காப்பாத்திக்கோ,” என்று சிரித்தது கத்தரிக்கோல்.

அடுப்படியிலிருந்து நாத்தனார் ரஞ்சிதம் தலையை நீட்டினாள். “நெசமாவே வெட்டப்போறீங்களா மதினி? அப்படியே பத்திரமா வெச்சிருங்களேன்.”

அன்னக்கொடிக்குப் பேச்சு அவ்வளவாக வராது. எழுந்து போய், சேலையை விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

மடிப்பு மடிப்பாக வெளிச்சம் ஒழுகியது. மடித்த இடமெல்லாம் நூல் விட்டுப்போயிருந்தது.

அவள் கை அப்படியே நின்றது. அம்மா போனபிறகு ஆசை ஆசையாய்க் கஞ்சி போட்டு, தேய்த்து, மடிப்புக் கலையாமல் உள்ளே வைத்தவள் அவள்தான்.

“யாருடா என்னை வெட்டினது?” என்று அலறியது சேலை.

“நான் இன்னும் வாயையே மூடலை ஆத்தா!” என்றது கத்தரிக்கோல்.

“பூச்சி இல்லை, சத்தியமா இல்லை,” என்றது பாச்சை உருண்டை.

மடிப்புக்குள்ளிருந்து வறண்ட குரல் ஒன்று வந்தது. பேசியது கஞ்சி. “நான்தான். அம்மா சேலை விறைப்பா நிக்கணும்னு அவ ஆசைப்பட்டா. நானும் நின்னேன். எனக்கு வளையத் தெரியாது. மடிச்ச இடத்துல ஒடிச்சுட்டேன்.”



அன்னக்கொடி சேலையை வாளித் தண்ணீரில் முக்கினாள். கஞ்சி கரைந்து போனது. எத்தனையோ காலம் கழித்துச் சேலையின் உடம்பு தளர்ந்தது. பழைய நாளெல்லாம் ஞாபகம் வந்தது. அம்மா அரிசி களைந்த ஈரக்கையைத் தன்மேல் துடைத்த நாள், பஸ்ஸில் வேர்த்து ஒட்டிய நாள், சாவியும் பொரிகடலையும் முந்தானை முனையில் முடிந்துகொண்டு நடந்த நாள். அந்த ஒரு முனை மட்டும் கஞ்சிக்கும் படியவில்லை, தேய்ப்புப் பெட்டிக்கும் படியவில்லை. சுருங்கியே கிடந்தது. கிழியாமலும் கிடந்தது.

காய்ந்ததும் சேலை தானே கத்தரிக்கோலைக் கூப்பிட்டது. “வெட்டு. மடிப்போரம் போனது போகட்டும், நடுவுல நல்லாத்தான் இருக்கேன்.”

“வலிக்குமே ஆத்தா?”

“பெட்டிக்குள்ள வலிச்சதைவிடவா?”

முதலில் ஒரு குட்டிச் சட்டை பிறந்தது. மிச்சத் துண்டுகளை ஒட்டுப்போட்டு நாலைந்து நாளில் ஒரு போர்வை வளர்ந்தது. கடைசி ஓரத்தில் ஊசி முரண்டு பிடித்தது.

“இந்தச் சுருக்க முனை நேரா படுக்கவே மாட்டேங்குது. நறுக்கி எறிஞ்சிட்டா என்ன?”

சேலைக்கு மூச்சே நின்றுவிட்டது.

“அது அப்படியே இருக்கட்டும்,” என்றாள் அன்னக்கொடி. அன்றைக்கு அவள் வாய் திறந்தது அதுதான் முதல்தடவை. முனையைத் தைக்காமல் வெளியே தொங்கவிட்டாள்.

பாயில் பிள்ளை முழித்துக்கொண்டது. கையைக் காலை ஆட்டியது. தொங்கிய முனை அதன் கையில் அகப்பட்டது. பிள்ளை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

போர்வை முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது.

“என்னக்கா, நான் குத்திட்டேனா?” என்று பதறியது ஊசி.

“இல்லைடி. இந்தப் பிடி எனக்குத் தெரியும். சந்தைக் கூட்டத்துல நான் முன்னால போவேன், பின்னால ஒரு புள்ள இப்படித்தான் என் முனையைப் பிடிச்சுக்கிட்டே வரும். யார்கிட்டயும் பேசாது. பிடியை மட்டும் விடாது. அந்தப் புள்ள பேரு…”

“அன்னம் மதினி! பால் பொங்குது, ஓடியாங்க!”