பிரிக்காத ஆறு பாக்கெட்

ஏற்காட்டில் எஸ்தர் டீச்சரிடம் காபி ருசி பார்க்கக் கற்றுக்கொள்ள வந்த மாணவருக்கு வயது ஐம்பத்தெட்டு. டீச்சருக்கு முப்பத்தாறு. மாணவர் பெயர் அய்யாவு. சேலத்தில் முப்பது வருடம் காபிக் கடை நடத்தியவர். காபி விஷயத்தில் தன் நாக்குக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்போடு மலை ஏறினார். முதல் வாரத்திலேயே அந்த நினைப்பு ஆட்டம் கண்டது.

டீச்சரிடம் ஒரு விதிதான் கண்டிப்பு. கரண்டியில் எடுக்க வேண்டும், சத்தமாக உறிஞ்ச வேண்டும், வாய்க்குள் உருட்ட வேண்டும், துப்பிவிட வேண்டும். விழுங்கக் கூடாது.

அன்று செவ்வாய்க்கிழமை. சகாயம் வறுத்த காபிக்கொட்டை மூட்டை ஒன்றோடு வந்தார். உதடும் அண்ணமும் பிளந்து பிறக்கும் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்துவைக்கும் இல்லத்தை நடத்துபவர். அந்த இல்லத்துக்காகத் தன் கையாலேயே லைட் ரோஸ்ட் காபி வறுத்து விற்கிறார். வியாழக்கிழமை ஓர் ஓட்டல்காரர் அதைக் குடித்துப் பார்க்க வருகிறாராம். பிடித்துவிட்டால் மாதாமாதம் வாங்கிக்கொள்வார். காத்திருக்கும் ஒன்பது குழந்தைகளுக்கும் இந்த வருடமே ஆபரேஷன் ஆகிவிடும்.

"நல்லா இருக்குன்னு டீச்சர் ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதுங்க" என்றார் சகாயம்.

டீச்சர் அதில் காபி போட்டு, கோப்பையை அய்யாவு பக்கம் நகர்த்தினார். "நீங்க பாருங்கண்ணே."

அய்யாவு உறிஞ்சினார். உருட்டினார். முகம் ஒரு கணம் கோணியது. பிறகு மடக்கென்று விழுங்கிவிட்டார்.

"ஏன் துப்பலை?"

"தர்மக் காபிங்க டீச்சர். எப்படித் துப்புறது?"

"எத்தனை மார்க்?"

"நூத்துக்கு எண்பத்தஞ்சு போடலாங்க."

"நாக்கு போட்ட மார்க்கா?"

அய்யாவு நெளிந்தார். "லைட் ரோஸ்ட்டுன்னா அப்படித்தானுங்களே இருக்கும்? தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கலாங்களா?"

டீச்சர் தானும் ஒரு கரண்டி உறிஞ்சினார். துப்பினார். பார்த்துக்கொண்டிருந்த சகாயத்துக்குச் சுருக்கென்றது.

"மூணு வருஷமா விக்கிறோங்க. ஒருத்தர்கூடக் குறை சொன்னதில்லை" என்றார்.

டீச்சர் அய்யாவு பக்கம் திரும்பினார். "நீங்க இதை வாங்கியிருக்கீங்களாண்ணே?"

"சார் கடைக்கு எப்ப வந்தாலும் வாங்கிருவேனுங்க. வீட்டுல ஆறு பாக்கெட் இருக்குது." சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"ஆறுல எத்தனை பிரிச்சீங்க?"

அய்யாவு கரண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். ஆறும் சாமி படத்துக்குக் கீழே அடுக்கினபடியே இருந்தன. சகாயத்தின் முகத்தில் ஈயாடவில்லை. குறை சொல்வதற்கு யாராவது குடித்திருக்க வேண்டுமே என்பது மூன்று வருடத்தில் அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"நீங்க குடிச்சிருக்கீங்களா சார்?"

"எனக்கு அல்சருங்க."

டீச்சர் கரண்டியை நீட்டினார். "விழுங்க வேண்டாம்."

சகாயம் உறிஞ்சினார். உடனே துப்பினார். கரண்டியை மேசைமேல் வைத்தார். "பச்சை வேர்க்கடலையை மென்ன மாதிரி இருக்குதுங்களே!"

"எப்படி வறுத்தீங்க?"

"லைட்டா வறுக்கணும்னு சொன்னாங்க. லைட்டாத்தான் வறுத்தேன். நிறம் மாறினதும் எடுத்துருவேன்."

"கொட்டை படபடன்னு வெடிக்கிற சத்தம் கேட்டுச்சா?"

"வெடிச்சாக் கருகிரும்னு பயந்துட்டு, அதுக்கு முன்னாடியே எடுத்துருவேனுங்க."

"வெடிக்கலைன்னா உள்ளே இன்னும் பச்சைதான் சார்" என்று டீச்சர் எழுந்தார். மூட்டையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். உரக்குழி ஓரத்தில் நின்று வாய்க்கட்டை அவிழ்த்தார். மூட்டையை அப்படியே கவிழ்த்தார்.

"ஐயையோ!" அய்யாவு ஓடிப்போய்ச் சாக்கைப் பிடித்தார். பாதி அதற்குள் குழியில் விழுந்திருந்தது. "புள்ளைங்க காபிங்க டீச்சர்! பாவம் சும்மா விடாதுங்க!"

டீச்சர் அவர் கையை விலக்கிவிட்டு மீதியையும் கொட்டினார். சாக்கை உதறி மடித்தார்.

அய்யாவுக்கு இவளிடமா பாடம் கேட்க வந்தோம் என்றிருந்தது. சகாயம் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"வியாழக்கிழமை நான் எதைங்க வைப்பேன்?" என்றார்.

டீச்சர் உள்ளே போனார். திரும்பி வரும்போது வேறொரு மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தார். வறுக்காத பச்சைக் கொட்டை.

அதைப் பார்த்ததும் அய்யாவுக்கு முன்னைவிடப் பெரிய அதிர்ச்சி. டீச்சருக்கு இருப்பது இரண்டு ஏக்கர். அதில் பழுத்த பழமாகப் பார்த்துப் பறித்து, அடுத்த மாதப் போட்டிக்கென்று வைத்திருந்த மூட்டை அது. அய்யாவைத் தொடக்கூட விட்டதில்லை.

"டீச்சர், அது போட்டிக்குங்க!"

"இன்னைக்கே வறுத்துரலாம். வெடிக்கிறது எப்படின்னு சாரும் கேக்கட்டும்."

சொல்லிவிட்டு முறத்தில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஏற்கெனவே மூன்று முறை பொறுக்கிய கொட்டை. ஒன்றை எடுத்துப் பல்லில் கடித்துப் பார்த்தார். நிறம் மங்கியிருந்த ஒன்றைத் தள்ளினார். ஓரம் உடைந்த ஒன்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, அதையும் தள்ளினார்.

சகாயம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவ்வளவு நல்ல காபியைச் சும்மாவே குடுக்கறீங்க. தர்மத்துக்குத்தானே? இதையும் எதுக்கும்மா ஒண்ணொண்ணாப் பாக்கறீங்க?"

டீச்சர் நிமிர்ந்து அய்யாவைப் பார்த்தார்.

"பல்லைப் பாக்கக் கூடாதுங்கறது மாட்டைத் தானமா வாங்குறவனுக்குண்ணே. குடுக்கறவன் பாத்துட்டுத்தான் குடுக்கணும்."