சுரைப்பூ மட்டும் ஏன் அந்தியில் விரிகிறது

பூவும் பூச்சியும் நம்மைப் போலவே பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், பூசணி, சுரை, பாகல் என்று பந்தலில் படர்கிற கொடிகள் எல்லாமே மஞ்சளாகத்தான் பூக்கும், அந்தியில்தான் பூக்கும். யாரும் அதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் அந்தி, அவ்வளவுதான்.

தேனீக்களுக்கு அது கஷ்டமாக இருந்தது. அந்தி மசங்கலில் கண் தெரியாமல் திரும்பிப் போயின. பிஞ்சுகள் வெம்பி உதிர்ந்தன. பூமாதேவி யோசித்துப் பார்த்து, நாளை முதல் எல்லாரும் விடியலில் பூக்க வேண்டும் என்று அணிலிடம் சொல்லி அனுப்பினாள். அணில் உச்சிவெயிலில் ஓடி ஓடிச் சொல்லிவிட்டு வந்தது. நல்ல மாற்றம்தான். மறுநாள் காலை பந்தலே கலகலவென்று இருந்தது.

அன்று அந்தியில் ஓர் அந்துப்பூச்சி வந்தாள். முட்டையிடும் நாள் நெருங்கியிருந்தது அவளுக்கு. பகலெல்லாம் தூங்குகிறவள், அணில் சொன்னது அவள் காதில் விழவே இல்லை. காலையில் விரிந்த பூவெல்லாம் வாடிக் கிடந்தன, மற்றவை இறுக மூடிய மொட்டு. பசியில் சிறகு துவண்டு சுரைக்கொடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் ஏதும் தப்பு செய்தேனா அக்கா? எப்போதும் வருகிற நேரத்துக்குத்தானே வந்தேன்."

"ஊரே மாறியாச்சு. இவ தூங்கினதுக்கு நாமளா பொறுப்பு? பேசாம இருடி" என்று சுரையை அடக்கினாள் பூசணி.

"தூங்கினா என்னடி? அவகிட்ட யார் சொன்னது?"

சொல்லிக்கொண்டே சுரை, நாளைக்கு விரிய வேண்டிய மொட்டைத் தன் கொடிச்சுருளால் பிரித்துவிட்டாள். இதழெல்லாம் கசங்கிப்போயிற்று. உள்ளே தேன் இருந்தது. அந்துப்பூச்சி வயிறாரக் குடித்தாள்.

விஷயம் தெரிந்து பூமாதேவியே பந்தலுக்கு வந்துவிட்டாள். சுரை கொடியைத் தாழ்த்தி வணங்கினாள்.

"தாயே, விடியல் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அந்தியை நம்பி வருகிறவளுக்கு ஒரு வாசல் மட்டும் திறந்திருக்கட்டும்."

பூமாதேவி கசங்கிய இதழைத் தடவிக்கொடுத்தாள். பகலில் தூங்குகிற பிள்ளைக்குப் பகலில் சொல்லி அனுப்பியது தன் தப்புதான் என்றாள். ஆனாலும் மாற்றத்தைத் திரும்ப வாங்கவில்லை. தேனீக்களும் அவள் பிள்ளைகள்தானே. ஒன்றும் சொல்லாத கொடி விடியலில் பூக்கட்டும், பழையபடி வேண்டும் என்று கேட்கிற கொடி அந்தியில் பூக்கட்டும் என்றாள். கேட்டவள் சுரை மட்டும்தான். மசங்கலிலும் தூரத்திலிருந்தே தெரியட்டும் என்று சுரையின் மஞ்சளைத் துடைத்து வெள்ளையாக்கினாள்.

அன்று முதல்தான் பந்தலில் பூசணி விடியலில் மஞ்சளாகப் பூக்கிறது. பக்கத்திலேயே சுரை, பொழுது சாய்ந்ததும் கசங்கிய வெள்ளை இதழை விரித்து, செய்தி எட்டாத ஒருத்திக்காகக் காத்திருக்கிறது.