வடகிழக்கு வாசல்

கடலோர மடத்தில் ஒரு மண்டபம் எழும்பிக்கொண்டிருந்தது. புயல் நாட்களில் குப்பத்து மக்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து தங்குவதற்கு. ஐப்பசி மழைக்குள் முடித்தாக வேண்டும்.

பொறுப்பு பொற்கொடியிடம் இருந்தது. பெங்களூர்க் கம்பெனியில் பல வருடம் ஆட்களை வைத்து வேலை நடத்தியவள். தீட்சை வாங்கிய பிறகும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. தீட்சை கொடுத்த அடிகளோ வயதில் அவளுக்குத் தம்பி மாதிரி.

அவள் கொண்டுவந்த முறை எளியது. மொத்தமும் கட்டிவிட்டுக் காட்டக் கூடாது. கொஞ்சம் கட்டு, தங்கப் போகிறவர்களிடம் காட்டு, சரியில்லை என்றால் மாற்று. தினமும் காலையில் எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறேன். அவ்வளவுதான்.

எல்லோரும் நின்றார்கள். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்.

“குருவருளால நல்லா நடக்குதும்மா.”

ஒரு மதியம் திடீரென்று மழை பிடித்தது. கூரை போட்ட பகுதிக்குள் கொத்தனார் மாசிலாமணி வாளி வாளியாகத் தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றுவதைப் பொற்கொடி பார்த்தாள். மறுநாள் வட்டத்தில் அவர் முறை வந்தது.

“குருவருளால நல்லா நடக்குதும்மா.”

ஓரமாக நின்றிருந்த மடத்துக் காரியஸ்தர் வைத்தியலிங்கம் சிரித்தார்.

“ஆளுங்களை நிக்க வெச்சா கட்டடம் எழும்பிடுமா? போட்ட பிளானை அப்படியே கட்டு. நாளைக்கும் இந்தக் கூத்து நடந்தா, நீ பெங்களூருக்கே பஸ் ஏறிடு.”

“நாளைக்கும் நிப்போம்” என்றாள் பொற்கொடி.

மாலையில் அடிகளிடம் போனாள்.

“சாமி, என் முறையில தப்பு இல்ல. ஆனா ஒருத்தரும் உண்மையைச் சொல்ல மாட்டேங்கிறாங்க. ஏன்?”

“அந்த வட்டத்தில் நான் எங்கே நிற்கிறேன்?”

“நீங்க எங்க நிக்கிறீங்க? படி மேல நாற்காலி போட்டு உட்கார்ந்து திருநீறு குடுக்கறீங்க.”

சொன்னதை அவள் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

அடிகள் தலையாட்டினார். “போய்ச் சாப்பிடு.”

மறுநாள் காலை வட்டம் கூடியது. மண்டபத்தைப் பார்க்கக் குப்பத்திலிருந்து அஞ்சலை என்ற பெண்ணும் வந்திருந்தாள். அடிகள் நாற்காலியை விட்டு எழுந்து, படியிறங்கி வந்து, அவளுக்கும் மாசிலாமணிக்கும் நடுவில் நின்றார். மாசிலாமணி பதறிப் பின்னால் நகர்ந்தார். அடிகள் அவர் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

“நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன்” என்றார். “வாசலை வடகிழக்கில் வைக்கச் சொன்னவன் நான். ஈசானிய மூலை, மங்களம் என்றேன். ஐப்பசி மழையும் அங்கிருந்துதான் அடிக்கும். அதை யோசிக்கவில்லை. யாராவது உதவுங்கள்.”



“கடக்கால் தோண்டும்போதே தெரியும் சாமி” என்றார் மாசிலாமணி.

“ஏன் சொல்லவில்லை?”

“சாமி சொன்ன வாசலாச்சே.”

அஞ்சலைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “ஆடு கட்டுற கொட்டாய்க்குக்கூட நாங்க கடலைப் பாத்து வாசல் வைக்க மாட்டோம்.”

“இதைக் காட்டத்தானே உங்களைக் கூப்பிட்டேன்” என்றாள் பொற்கொடி.

“கூப்பிட்டே தாயி. நல்லாருக்கான்னு கேட்டே, பொங்கலைக் கையில குடுத்தே. பொங்கலைத் தின்னுக்கிட்டே நல்லால்லன்னு எப்படிச் சொல்றது?”

பொற்கொடியும் சிரித்துவிட்டாள். அதன் பிறகு யாரும் குருவருளை இழுக்கவில்லை. வாசலுக்கு மழை மறைப்பு அடிக்கத் தச்சருக்கு மரம் போதவில்லை. சமையல்காரருக்குச் சாரல் படாமல் அடுப்பு மூட்ட இடமே இல்லை. வாசலைத் தெற்கே மாற்றினால் இரண்டும் சரியாகும் என்றார் மாசிலாமணி. மழைக்குள் முடியுமா என்று கேட்டாள் பொற்கொடி. இன்றைக்கே இடித்தால் முடியும் என்றார். அவள் சுவரோரம் கிடந்த கடப்பாறையை எடுத்து வந்தாள்.

வைத்தியலிங்கம் குறுக்கே வந்து நின்றார். அவளைப் பார்க்கவில்லை. அடிகளைப் பார்த்தார்.

“குருவாக்குத் தப்புன்னு நீங்களே இத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டீங்க. இப்ப சுவரையும் இடிச்சா, நாளைக்கு இந்த மடத்தை எவன் மதிப்பான்?”

பொற்கொடி கடப்பாறையைக் கீழே வைக்கவில்லை.

அடிகள் வாசலைக் காட்டினார்.

“அந்த மதிப்பைக் கொண்டுவந்து இங்கே திரையாகக் கட்டுங்கள், காரியஸ்தரே. சாரல் உள்ளே வரவில்லை என்றால், வாசல் இங்கேயே இருக்கட்டும்.”