கமுக்கி வாய் திறந்த கதை

மிருகமும் பறவையும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ஏரிக்கரையில் கண்ணோரம் சிவப்பும் மஞ்சள் காலுமாக ஒரு குருவி இருந்தாள். கமுக்கி என்று பேர். பேச வராமல் இல்லை. கேட்டதை வெளியே விடமாட்டாள், அவ்வளவுதான். முயல் வளை எங்கே, உடும்பு முட்டை எங்கே, எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒருத்தரிடமும் மூச்சு விட்டதில்லை.

ஒருநாள் காலையில் புள்ளிமான் தன் குட்டியைக் கோரைப்புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டு அவளிடம் வந்தாள். மான்களின் வழக்கம் அது. பிறந்த குட்டிக்கு வாடை இல்லை, தாய்க்கு உண்டு. தாய் பக்கத்தில் நின்றால்தான் ஆபத்து.

"தங்கச்சி, உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன். யாருக்கும் சொல்லிடாதே."

"சத்தியமா வாயே திறக்கமாட்டேன். நீ போயிட்டு வாக்கா."

மான் தலை மறைந்ததோ இல்லையோ, ஓநாய் வந்துவிட்டான். கரையெல்லாம் மோந்து பார்த்தான், ஒன்றும் அகப்படவில்லை. நேரே கமுக்கியிடம் வந்தான். வெறுந்தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே, அவளுடைய நாலு முட்டைகள். ஒன்றின்மேல் பாதத்தை வைத்தான்.

"தாய்மான் தடம் இருக்கு. குட்டி எங்கம்மா?"

கமுக்கி பேசவில்லை. முட்டை நொறுங்கியது. ஐயோ, அந்தச் சத்தம்! பாதம் அடுத்த முட்டைக்கு நகர்ந்தது.

"இன்னும் மூணு இருக்கு," என்றான் ஓநாய்.

ஒரு கூச்சல் போட்டிருந்தால் போதும், தாய் பாய்ந்து வந்திருப்பாள். ஆனால் சத்தியம் செய்தவள் ஆயிற்றே, வாயைத்தான் திறக்கக் கூடாதே! படுபாவி, வாயை இறுக மூடிக்கொண்டே அலகைக் கோரைப் பக்கம் திருப்பினாள்.

மான் திரும்பி வந்தபோது கோரை மிதிபட்டுக் கிடந்தது. ரத்தம் இன்னும் காயவில்லை.

"யாருகிட்டடி சொன்னே?"

"நான் வாயே திறக்கலைக்கா."

"திறந்திருந்தா என் பிள்ளை பொழைச்சிருக்குமேடி!"

கமுக்கி வாயைத் திறந்தாள். வந்தது ஓர் அலறல். ஏரி முழுக்கக் கேட்டது. நிறுத்தப் பார்த்தாள், முடியவில்லை.

அன்றைக்குத் திறந்த வாயை அவள் இன்னும் மூடவில்லை. மனுஷன் வந்தாலும் நாய் வந்தாலும், தன் முட்டை இருக்குமிடம் தெரிந்துபோகுமே என்றுகூடப் பார்க்காமல் தலைக்குமேல் பறந்து பறந்து கத்துகிறாள். அதைக் கேட்டு எத்தனையோ மான்கள் குட்டியோடு தப்பித்துப் போகின்றன. ஆனாலும், ஆளைக் காட்டிக்கொடுத்தவள் என்று அன்று மான் அழுதுகொண்டே வைத்த பேர்தான் நிலைத்தது: ஆள்காட்டி.