ஒழுகாத கார்

"ஒரு சொட்டுகூட ஒழுகலை. ஆனா ரேடியேட்டர்ல தண்ணி குறையுது. எங்கேதான் போகுது, வாத்தியாரம்மா?" என்று தவசி கேட்டான்.

வேலுத்தாய் கொட்டகைக்குள் போனாள். ஒரு பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தட்டையாக்கி, கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.

"வண்டிக்கு அடியில போடுங்கண்ணே."

தவசி அங்கேயே குனிந்தான். இப்போதுதான் மலையேறி வந்த கார். அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தான். தார் காய்ந்து கிடந்தது. உள்ளங்கையை அவளிடம் காட்டினான்.

"பாருங்க. ஒண்ணுமில்லை."

"இப்ப இருக்காது."

"பின்னே எப்ப இருக்கும்?"

கீழ்வளைவில் ஒரு ஜீப் முனகிக்கொண்டு ஏறி வந்தது. அதன் முன்பக்கம் வெள்ளையாகப் புகைந்தது. வேலுத்தாய் அதை நோக்கிப் போய்விட்டாள்.

தவசி அட்டையை மடித்துப் பின்சீட்டில் போட்டான்.

*

போடிமெட்டு மலைப்பாதையில் பாதி ஏறியதும் ஒரு கொண்டை ஊசி வளைவு. அங்கே பாறையில் கசியும் ஊற்றை ஒரு குழாயில் பிடித்துவிட்டு, பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்தாள் வேலுத்தாய். கொதித்துப்போன வண்டிகள் எல்லாம் அங்கேதான் நிற்கும். நின்றதும் அவள் கேட்பது ஒரே ஒரு வார்த்தை.

"சாவி."

சாவி அவள் இடுப்புக்குப் போய்விடும். ஆறும்வரை திரும்பி வராது. பானெட்டைத் திறந்து காற்றாட விடலாம். ரேடியேட்டர் மூடிப் பக்கம் கை போகக் கூடாது. போனால் அவள் குரல் அடுத்த வளைவு வரை கேட்கும்.

"கல்யாணத்துக்குப் போறோம்க்கா. முகூர்த்தம் தப்பிரும்."

"தப்பட்டும்."

"பச்சைத் தண்ணிய எஞ்சின் மேல ஊத்தினா சட்டுனு ஆறிரும்ல?"

"சட்டுனு வெடிப்பு விடும். உக்காருங்க."

"எவ்வளவு நேரம்க்கா?"

ரேடியேட்டருக்குப் போகும் மேல் ரப்பர் குழாயைக் காட்டுவாள்.

"கைய வச்சுப் பாருங்க. நிக்குதா?"

"ஆத்தாடி, சுடுது!"

"அப்ப உக்காருங்க."

கை தானாக நிற்கிற நேரம் வந்ததும் மடித்த சாக்கை மூடிமேல் போட்டுக் கொஞ்சமே கொஞ்சம் திருகுவாள். உஸ்ஸென்று வரும். முகத்தைத் திருப்பிக்கொண்டு காத்திருப்பாள். கடைசிச் சீறலும் அடங்கின பிறகுதான் மூடியை அழுத்தித் திறப்பாள். எஞ்சினை ஓடவிட்டுத் தண்ணீரை நூலாக ஊற்றுவாள். மேலே போனதும் கூலன்ட் மாற்றிக்கொள்ளுங்கள், இந்தத் தண்ணீர் ஊர் போய்ச் சேருகிற வரைக்கும்தான் என்று சொல்லி அனுப்புவாள்.

டிரைவர்கள் அவளைக் கேலியாக வாத்தியாரம்மா என்றார்கள். தவசி ஒருவன்தான் கேலியில்லாமல் சொன்னான். அவளைவிட மூத்தவன். வாடகைக்குக் கார் ஓட்டுகிறவன். சவாரி இல்லாத நேரமெல்லாம் அந்த வளைவில், குழாயடிக் கல்லில், அவளுக்கு எதிரே உட்கார்ந்திருப்பான். யாராவது மூடியைத் தொடப் போனால் அவளுக்கு முன்னால் இவன் எழுந்து கத்துவான்.

"என்ன தவசிண்ணே, கல்லை விட்டு எந்திரிக்கவே மாட்டீங்களா? புத்து கட்டிரப் போகுது" என்று லாரிக்காரர்கள் சிரிப்பார்கள்.

அவன் சிரிக்கமாட்டான்.

*

அவனுக்கு ஒரு மகள். நாகஜோதி. தாயில்லாமல் வளர்ந்தவள். அப்பனை வாடா போடா என்பது ஒன்றுதான் பாக்கி. கொஞ்சும்போது 'நீ'. கோபம் வந்தால் 'யோவ் அப்பா'.

மலைமேல் ஒரு கோயிலில் வைத்து அவளுக்குப் பூ வைப்பதாகப் பேச்சு. மாப்பிள்ளை வீட்டார் விடிந்ததுமே மேலே போய்விட்டார்கள். இவர்களுடைய கார் இந்தக் கொட்டகைக்கு இரண்டு வளைவு கீழே கொதித்து நின்றது. அப்போது வேலுத்தாயை அவனுக்குத் தெரியாது.

ராகுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது.

பட்டுப் புடவையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் தண்ணீர் கேனோடு நின்றாள் நாகஜோதி.

"ஆறட்டும்பா."

"எத்தனை வருசமா வண்டி ஓட்டுறேன்? எனக்குத் தெரியாதா?"

"புகையுதுய்யா. பொறேன் கொஞ்சம்."

"நீ ஊத்துறதுக்குத் தயாரா நில்லு தாயி. வாயை மூடிட்டு."

தோளில் கிடந்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு திருகினான்.

அவன் பக்கவாட்டில் நின்றிருந்தான். அவள் நேராக நின்றிருந்தாள்.

கழுத்திலிருந்து முழங்கை வரை.

மாப்பிள்ளை வீட்டார் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தார்கள். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார்கள். அப்புறம் வரவில்லை.

புண் ஆறியதும் அவள் மலைமேல் ஓர் ஏலக்காய்க் கிடங்கில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். அங்கிருந்து போன் வரும்.

"யோவ் அப்பா, ஒரு அரை மணி நேரம் பொறுக்க முடியலையா உன்னால? உன் ராகுகாலம் இப்ப எங்கய்யா போச்சு? கண்ணாடியப் பாக்குறப்பல்லாம் உன்னைத்தான்யா திட்டுறேன். சாப்பிட்டியா இல்லையா? பேசேன்யா வாயைத் திறந்து!"

அவனுக்குக் காது மட்டும் எரியும்.

அந்த நாட்களில்தான் தவசி இந்த வளைவில் நிற்க ஆரம்பித்தான். காய்ச்சல்காரன் மாத்திரையை விழுங்குகிற மாதிரி வேலுத்தாயின் சொல்லை விழுங்கினான். சூடாக இருக்கையில் திறக்கக் கூடாது. கை நிற்கிற வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

அடுத்த முறை மகளின் போன் வந்தபோது அவன் எடுக்கவில்லை. அடித்து அடித்து ஓயட்டும் என்று கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"யாருண்ணே, எடுக்கலையா?" என்றாள் வேலுத்தாய்.

"மக. ரொம்பச் சூடா இருக்கா. ஆறட்டும்னு விட்டுருக்கேன். நீங்க சொன்ன பாடந்தான்."

வேலுத்தாய் அவனையே பார்த்தாள்.

"அட்டையைப் போட்டீங்களா?"

"நான் மகளைப் பத்திச் சொல்றேன்."

"நான் அட்டையைக் கேட்டேன்."

"அதெல்லாம் எதுக்கு வாத்தியாரம்மா? வண்டியை நிப்பாட்டுறப்பல்லாம் குனிஞ்சு பாக்குறேன். சருகு மாதிரி காஞ்சு கிடக்கு."

அவள் கேனைக் கழுவப் போனாள்.

*

தீபாவளிக்கு நாகஜோதி இரண்டு தடவை அழைத்தாள். அவன் எடுக்கவில்லை. இன்னும் சூடு.

பொங்கலுக்கு ஒரு தடவை. அதையும் எடுக்கவில்லை.

சாரல் மாதங்களில் ஒருநாள் மதியம் மணி அடித்தது. அவன் பெயரைப் பார்ப்பதற்குள் நின்றுவிட்டது.

அதற்கப்புறம் அடிக்கவில்லை.

தவசிக்கு முகம் தெளிந்தது. மூட்டை சுமந்து வந்தவன் சுமைதாங்கியைக் கண்டது போல இருந்தது.

"ஆறிருச்சு வாத்தியாரம்மா. இப்பல்லாம் சத்தமே இல்லை."

"போய்ப் பாருங்க" என்றாள் வேலுத்தாய்.

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமே. நல்லா ஆறட்டும்."

"போய்ப் பாருங்கண்ணே." குரல் உயர்ந்தது. மூடியைத் தொடப் போகிறவர்களிடம் தவிர வேறு யாரிடமும் அவள் அப்படிப் பேசி அவன் கேட்டதில்லை.

அவனுக்கு ரோஷம் வந்தது. பொறு பொறு என்று சொல்லிக்கொடுத்ததே இவள்தான். இப்போது இவளுக்கே பொறுமை இல்லையே என்று நினைத்தான். அவள் சொன்னதற்காகவே இன்னொரு சாரல் காலத்தையும் கடத்தினான். காலையில் எழுந்து காருக்குத் தண்ணீர் ஊற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை. அது தினமும் குறைந்தது. தினமும் அடியில் காய்ந்தே கிடந்தது.

*

சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனான். அவளுக்குப் பிடித்த பால்பன் இனிப்பு வாங்கிக்கொண்டான்.

கிடங்குக்குப் பின்னால் வரிசை வீடுகள். காரை வாசலில் நிறுத்தினான். மூன்றாவது கதவில் அவள் நின்றிருந்தாள். வழி நெடுக அவன் யோசித்து வைத்திருந்தது ஒன்றுதான். முதலில் சீறுவாள். முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அடங்கட்டும். அப்புறம் பேச வேண்டும்.

"வாங்க" என்றாள் நாகஜோதி.

நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மின்விசிறியைத் தட்டிவிட்டாள். அந்தக் குளிரில்.

"வழியில மழை இருந்துச்சா?"

"இல்லை தாயி."

"நல்லதாப் போச்சு."

டீ போட்டு, விருந்தாளிகளுக்கு வைத்திருக்கும் பூப்போட்ட கோப்பையில் கொண்டுவந்து வைத்தாள். பால்பன் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கி அலமாரியில் வைத்தாள். பிரிக்கவில்லை. கழுத்தில் தழும்பு இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை, காட்டவும் இல்லை.

பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"யாரு ஜோதி?"

"போடியிலேர்ந்து வந்திருக்காங்க."

பொய்யில்லை. அவன் போடியிலிருந்துதான் வந்திருந்தான்.

அந்தப் பெண் போனதும் தவசி நாற்காலியின் நுனிக்கு வந்தான்.

"பாப்பா, என்னைத் திட்டு."

அவள் அவனைப் பார்த்தாள். எங்கோ பார்த்த முகத்தை நினைவுபடுத்திக்கொள்கிற மாதிரி.

"ஏய், திட்டுடீ. யோவ்னு சொல்லு. நாலு வார்த்தை நல்லாக் கேளு. எதிர்த்துப் பேசமாட்டேன்."

"அதெல்லாம் எப்பவோ போச்சு" என்றாள். நிஜமாகவே சிரித்தாள். "டீ ஆறுது. குடிங்க."

குடித்தான். இன்னொரு கோப்பை வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றான். வாசல்வரை வந்து நின்றாள். பார்த்துப் போங்க என்று சொன்னாள். அவன் காரைத் திருப்புவதற்குள் உள்ளே போய்விட்டாள்.

*

இறக்கத்திலேயே கார் கொதித்தது. வேலுத்தாயின் வளைவுக்கு உருண்டு வந்து நின்றபோது சூடு காட்டும் முள் சிவப்பில் கிடந்தது.

"சாவி" என்றாள்.

கொடுத்தான். கல்லில் உட்கார்ந்தான். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அவள் பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு அவனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

"சுடவே இல்லை" என்றான். குழாய்த் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு, "சீறவே இல்லை. தொறந்தேன். உள்ளே ஒண்ணுமே இல்லை" என்றான்.

வேலுத்தாய் காரின் பின்கதவைத் திறந்தாள். அவள் கொடுத்த அட்டை மடிப்புக் கலையாமல் சீட்டில் கிடந்தது. எடுத்தாள். விரித்தாள். எஞ்சினுக்கு நேராக அடியில் தள்ளினாள்.

தவசி குனிந்து பார்த்தான். அட்டை காய்ந்திருந்தது.

"இல்லையே."

"உக்காருங்க."

உட்கார்ந்திருந்தார்கள். மேலே போகிற பஸ் ஒன்று ஹாரன் அடித்து வளைந்து போனது. இரும்பு சுருங்குகிற சத்தம் உள்ளே டிக் டிக்கென்று கேட்டது. பிறகு அதுவும் நின்றது. வேலுத்தாய் அவன் கையைப் பிடித்துத் தூக்கி மேல் ரப்பர் குழாயில் வைத்தாள். கை நின்றது.

அப்போது அடியில் சத்தம் கேட்டது.

டொக்.

தவசி மண்டியிட்டான். அட்டையின் நடுவில் நனைந்த ஒரு வட்டம், ஐந்து பைசா அகலத்தில். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் இன்னொன்று விழுந்தது.

"நான் பாக்குறப்பல்லாம் இல்லையே!"

"வந்து நின்னதும் பாத்திருப்பீங்க. காலையில எடுக்குறப்பப் பாத்திருப்பீங்க. அதுக்குள்ள மண்ணு குடிச்சிரும்." கையை உள்ளே விட்டுக் கீழ்க்குழாயை, அதன் வாயைக் கவ்வியிருந்த கிளிப்பைக் காட்டினாள். "சூட்டுல ரப்பர் உப்பி இதை இறுக்கிப் பிடிச்சுக்கும். அப்ப ஒரு சொட்டு விடாது. ஆறுறப்பத்தான் விடும்."

அவன் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது சொட்டு விழுந்தது. நான்காவது விழ நேரமாயிற்று.

"இதை நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"அட்டையைக் குடுத்தேன்."

பனி காரின் பாதியை மறைத்துவிட்டது. வேலுத்தாய் கொட்டகைக்குள் போய் ஸ்பேனரோடு வந்தாள். அவனிடம் நீட்டினாள். தவசி வாங்கிக்கொண்டான்.

"இப்ப இறுக்கினா நிக்குமா, வாத்தியாரம்மா?"

"கார்ல நிக்கும்" என்றாள்.