பெரிய லாயத்தின் ஆயுதம்

கடல் தாண்டி ஸ்காட்லாந்து என்று ஒரு குளிர்தேசம் இருக்கிறது. அங்கே மாரிஷல் என்று ஒரு பட்டம். படையிலும் பெரியவர், அரண்மனையிலும் பெரியவர். ஆதியில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் தெரியுமோ? குதிரை பார்க்கிற ஆள். அவ்வளவுதான்.

அவசரப்பட்டுச் சிரித்துவிடாதீர்கள். நம் கல்லுப்பொட்டல் பாளையத்திலும் அப்படி ஒரு பட்டம் இருந்தது. பெரிய லாயம்.

பாளையத்தை உண்டாக்கிய ராஜா பொட்டல்காட்டுக்கு வந்தபோது கூட வந்தது ஒரு குதிரை, ஒரு ஆள். அந்த ஆள் குதிரைக்குப் புல் போட்டான், தண்ணீர் காட்டினான், உடம்பு தேய்த்துவிட்டான். பிறகு கோட்டை எழும்பியது. குதிரைகள் பெருகின. லாயம் பார்த்தவன் பெரிய லாயம் ஆனான். குதிரை யார் கையிலோ, படை அவன் கையில். படை யார் கையிலோ, வரி அவன் கையில். வரி யார் கையிலோ, அவன் சொன்னதே நியாயம். தலைமுறைக்கு ஒரு முழம் பட்டம் உயர்ந்தது. குதிரைதான் தூரமாகப் போயிற்று. நான்காம் தலைமுறையில் பட்டத்துக்கு வந்த ரணசூரப்பருக்குக் குதிரை வாடை பட்டாலே தும்மல். போக்குவரத்தெல்லாம் பல்லக்கில்.

அந்த ஊரில் ஆயுத பூசைக்கு ஒரு வழக்கம் உண்டு. அவரவர் தொழில் ஆயுதத்தை அம்மன் முன்னால் வைப்பார்கள். கட்டியக்காரர் அதைக் கையில் எடுத்து, அது உழைத்த அடையாளத்தை ஊருக்குக் காட்டிக் கட்டியம் கூறுவார். அப்புறம்தான் குங்குமம். முதல் குங்குமம் எந்த ஆயுதத்துக்கோ, அதன் சொந்தக்காரர்தான் சீமைக்குத் தலைவர். குங்குமம் வாங்கிய ஆயுதத்தை அவரே தலையில் வைத்து நாலு வீதியும் சுற்றி வரவேண்டும்.

பூசை நெருங்கியது. ரணசூரப்பர் சபையில் எழுந்தார்.

"ராஜா, இந்த வருஷம் முதல் குங்குமம் என் ஆயுதத்துக்கு."

ராஜா திருமலைக்கொழுந்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என் வாளுக்கல்லவா வழக்கம்?"

"உங்கள் பூட்டனார் இந்தப் பொட்டலில் வந்து இறங்கியபோது கடிவாளம் பிடித்தது யார்? என் பூட்டனார். அவர் அப்போதே லாயம். உங்களவர் அப்போது ராஜா இல்லையே! வெயிலில் நின்ற வழிப்போக்கர்தானே? எது மூத்த பட்டம், நீங்களே சொல்லுங்கள்."

வாசலில் அவருடைய குதிரைப்படை நின்றது. யோசித்துச் சொல்கிறேன் என்று ராஜா சபையைக் கலைத்தார்.

அன்று மாலை ராஜா கட்டியக்காரர் மூக்கையனைத் தனியே கூப்பிட்டார்.

"கொடுத்தால் நாளைக்குச் சிம்மாசனம் போகும். மறுத்தால் இன்றைக்கே போகும். என்ன செய்ய, மூக்கையா?"

"கொடுத்துவிடுங்கள் மகாராஜா."

"அடப்பாவி! நீயுமா அவர் பக்கம்?"

"முதல் குங்குமம் அவருக்குத்தான் என்று சொல்லிவிடுங்கள். மிச்சம் வழக்கப்படி நடக்கட்டும்."

பூசை நாள். ஊரே கூடியிருந்தது. ரணசூரப்பர் வெள்ளித் தட்டில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். குதிரை தேய்க்கிற சீப்பு. சொக்கத் தங்கம்.

"முன்னோர் செய்த தொழிலுக்கு நான் வெட்கப்படுகிறவன் இல்லை!" என்றார். படைவீரர்கள் ஆரவாரம் செய்தார்கள்.

மூக்கையன் சீப்பை எடுத்தார். திருப்பினார். முகர்ந்தார்.

"பிரபு, ஒரு குதிரை மயிர்கூடக் காணோமே?"

"கழுவி வைத்தேன்."

"பல்லும் தேயவில்லையே?"

"தங்கம் தேயாது!"

"பிரபு சொன்னால் தேயாதுதான். அம்மன் நம்ப வேண்டுமே!"

ரணசூரப்பர் மீசை துடித்தது. "அப்படியானால் நான் உழைக்கவே இல்லை என்கிறீரா? படை முன்னால் சொல்லும், பார்ப்போம்!"

"சிவ சிவா! அந்தப் பொய்யை என் வாய் சொல்லுமா? உழைத்த ஆயுதத்தை வைக்க மறந்துவிட்டீர்கள், அவ்வளவுதான். வாசலில் நிற்கிற உங்கள் பல்லக்கிலிருந்து நானே எடுத்து வரச் சொன்னேன்."

இரண்டு பேர் ஒரு திண்டைத் தூக்கி வந்தார்கள். இலவம்பஞ்சுத் திண்டு. நடுவில் உரல் மாதிரி ஒரு குழி. மூக்கையன் அதை உயரத் தூக்கினார். குரல் கோட்டைச் சுவரில் மோதியது.

"பராக்! பராக்! பெரிய லாயம் ரணசூரப்பர் ஆயுதம் பராக்! ஊராரே, இந்தப் பள்ளத்தைப் பாருங்கள்! ஒரு நாளில் விழுந்த பள்ளமா இது? மழையென்றும் வெயிலென்றும் பாராமல் அமர்ந்து, அமர்ந்து, அமர்ந்து..."

முதலில் சிரித்தது படைதான். ஒரு வீரன் வாயைப் பொத்தினான், முடியவில்லை. வரிசை முழுக்கக் குலுங்கியது. குதிரைகள்கூடக் கனைத்தன. இப்படிச் சிரித்த படையை வைத்துக்கொண்டு எவர் சிம்மாசனம் பிடிப்பது?

மூக்கையன் பணிவாகக் குனிந்தார். "முதல் குங்குமம் இதற்குத்தான் பிரபு. வாங்கிக்கொண்டு தலையில் ஏற்றுங்கள். நாலு வீதியும் காத்திருக்கிறது."

ரணசூரப்பர் திண்டைப் பார்த்தார். வீதியைப் பார்த்தார். ஒரு பெரிய தும்மல் போட்டார்.

"ராஜாவின் வாளுக்கே ஆகட்டும். பழைய வழக்கத்தை எதற்கு மாற்ற வேண்டும்?" என்று சொல்லிவிட்டுப் பல்லக்கைப் பார்த்து நடந்தார். திண்டை எடுக்கவில்லை.

சாமந்திப் பூவுக்குள் கிடந்த ராஜாவின் வாளுக்கு முதல் குங்குமம் வைத்தாயிற்று. ஊர் கலைந்தது. அதுவரை வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்த ராஜாவுக்குத் திடீரென்று ஒரு யோசனை.

"மூக்கையா, எல்லார் ஆயுதத்தையும் கையில் எடுத்துக் காட்டினாய். என் வாளை மட்டும் ஏன் எடுக்கவில்லை?"

மூக்கையன் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார்.

"காலையிலேயே எடுத்துப் பார்த்தேன் மகாராஜா. உருவினேன், வரவில்லை. காலை ஊன்றி இழுத்தேன், அப்போதும் வரவில்லை. துருப்பிடித்து உறையும் வாளும் ஒன்றாகிவிட்டன. அதனால்தான் ஐந்து முழம் சாமந்தியைச் சுற்றி வைத்தேன்."

ராஜா சாமந்தியை விலக்கி உறையைப் பார்த்தார். பிறகு கோட்டையே அதிரச் சிரித்தார். கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றி மூக்கையன் கையில் போட்டார்.

"யார் கேட்டாலும், பூ விலை என்று சொல்."