ஆறு நாள் துரத்திய குறி

"டீச்சர், டைமிங் குறி ஒரு இடத்துல நிக்க மாட்டீங்குதுங்க."

ரேஸ் காரிலிருந்து ஒரு கால்தான் தரைக்கு வந்திருந்தது. அதற்குள் நாச்சிமுத்து சொல்லிவிட்டார்.

ஜெசிந்தா பட்டறைக்குள் டீ குடித்துக்கொண்டிருந்தாள். அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். முன்பு ஐடிஐயில் பாடம் எடுத்தவள். அதை விட்டுவிட்டுப் பட்டறை வைத்த பிறகும், கோயம்புத்தூரில் ரேஸ் வண்டி வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் அவள் டீச்சர்தான்.

"உக்காருங்கண்ணா. டீ சொல்லட்டா?"

"அதுக்கு நேரமில்லீங்க. நாளைக்குக் காலைல ரேஸ்."

"நீங்களா ஓட்டறீங்க?"

"இல்லீங்க. என்ற பொண்ணு."

மிருதுளா அந்தப் பக்கக் கதவைத் திறந்து இறங்கினாள். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பழைய டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்தாள்.

நாச்சிமுத்து தோள்பையிலிருந்து ஒரு பிஸ்டனை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதன் தலையில் ஒரு ஓட்டை. விரலை விட்டால் மறுபக்கம் வரும்.

"போன வருசத்துதுங்க. பொறி கொஞ்சம் முந்தி விழுந்திருக்குது, அவ்வளவுதான். சாதா வண்டின்னா கொஞ்சம் தட்டிட்டு ஓடியிருக்கும். டர்போ வெச்ச வண்டி, தாங்குமா? நேர் ரோட்டுல உருகிருச்சு. ஆயில் வண்டி டயர்லயே ஊத்தி, மூணு சுத்து சுத்தி நின்னேன்."

ஓட்டைக்குள் விரலை விட்டார்.

"அன்னிக்கு உள்ள இருந்தது நானுங்க."

ஜெசிந்தா பிஸ்டனைத் தொடவில்லை.

"சரி. என்ன பாத்தீங்க, வரிசையாச் சொல்லுங்க."

"ஞாயித்துக்கிழமை டைமிங் லைட்டு அடிச்சு, பொறி எந்த டிகிரில விழுதுன்னு பாத்தேன். கம்ப்யூட்டர்ல பத்து டிகிரின்னு பூட்டிட்டுத்தான் பாத்தேனுங்க, அதுவா மாத்திக்கக் கூடாதுன்னு. லைட்டுல பதிமூணு காட்டுது. பொறியை மூணு டிகிரி பின்னால தள்ளுனேன். பத்துக்கு வந்துருச்சு."

"அப்புறம்?"

"திங்கக்கிழமை பாத்தா மறுபடி பன்னெண்டு! யாரோ வந்து நகத்தி வெச்ச மாதிரி. பிளக்கை மாத்துனேன், ரெண்டு தள்ளுனேன். செவ்வாக்கிழமை காயிலு. புதன்கிழமை சென்சாரு. அப்புறம் வயரு, எர்த்து… தெனமும் பத்துல நிறுத்தறேன். மறுநா பாத்தா அது பத்துல இல்ல."

"மொத்தம் எவ்வளவு தள்ளியிருக்கீங்க?"

"பதினொண்ணு."

"இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ரோட்டையும் மாத்தியிருப்பீங்க."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. பிஸ்டனை எடுத்து இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினார்.

"ஓட்டறவங்க என்ன சொன்னாங்க?" என்றாள் ஜெசிந்தா.

"மிருதுளாவுங்களா? ஞாயித்துக்கிழமை, 'நல்லாத்தானேப்பா இழுக்குது, எதுக்குத் தொடறீங்க'ன்னா. அப்புறம் மந்தமா இருக்குதுன்னா. புதன்கிழமை மேடே ஏற மாட்டீங்குதுன்னா. டர்போ பைப்பு செவந்து கெடக்குதுன்னா. தெனத்துக்கு ஒண்ணு சொல்றா. லைட்டு என்னங்க, பொய்யா சொல்லப்போகுது?"

மிருதுளா காதில் இயர்போனைச் செருகிக்கொண்டாள்.

"வியாழக்கிழமைல இருந்து அவ ஒண்ணுமே சொல்றதில்லீங்க" என்றார், குரலைத் தாழ்த்தி.

ஜெசிந்தா டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஆடறது எதுங்கண்ணா?"

"டைமிங்குங்க."

"அதை நீங்க பாத்தீங்களா?"

"குறியைப் பாத்தேன்."

"குறி எதுல இருக்குது?"

"எஞ்சின் புல்லிச் சக்கரத்துல. நானே ஒயிட்னர் வெச்சு வரைஞ்சேனுங்க, தலைமுடி கனத்துக்கு. கோடு கனமா இருந்தா அரை டிகிரி ஏமாத்திரும் பாருங்க."

அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு பெருமை வந்து போனது.

"ஒயிட்னர் கொண்டாந்திருக்கீங்களா?"

"பையிலயே இருக்குதுங்க."

அவள் அதை வாங்கிக்கொண்டாள். ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, முன் சக்கரத்தைக் கழற்றி, எஞ்சின் ஓரத்தில் இருந்த அந்தப் புல்லியின் முன் குந்தினாள். சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஒரு சக்கரம். அதன் விளிம்பில் நாச்சிமுத்துவின் மெல்லிய குறி.

அந்தக் குறியிலிருந்து தொடங்கி, நடு போல்ட் வரைக்கும் நேராக ஒரு கோடு இழுத்தாள். கனமாகத்தான் இழுத்தாள். கொஞ்சம் வழியக்கூட வழிந்தது.

நாச்சிமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை.

"டீச்சர், இவ்வளவு கனமா இருந்தா…"

"காயட்டும்."

காய்ந்தது.

"ஸ்டார்ட் பண்ணுங்க. நல்லா மிதிங்க."

ஏறி உட்கார்ந்து மிதித்தார். பட்டறைத் தகரம் அதிர்ந்தது. மேஜையில் டம்ளர் நகர்ந்து போய்ப் பிஸ்டனில் முட்டி நின்றது. இப்போது ஏதாவது உடையும், இப்போது உடையும் என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தார்.

"இன்னும்."

"டீச்சர், போதுங்க…"

"இன்னுங்கண்ணா."

பிறகு அவள் கையைக் காட்டினாள். எஞ்சின் நின்றது.

"வந்து பாருங்க. லைட்டு வேண்டாம்."

அவர் கையில் எடுத்த டைமிங் லைட்டை சீட்டிலேயே போட்டுவிட்டு வந்து குந்தினார்.

கோடு இரண்டாக இருந்தது.

நடுவிலிருந்து வந்த பாதி ஒரு இடத்தில் முடிந்திருந்தது. விளிம்பிலிருந்து வந்த பாதி அதற்கு ஒரு விரல் தள்ளி நின்றது. இரண்டுக்கும் நடுவே புல்லிக்குள் வட்டமாக ஒரு ரப்பர். வெயிலில் கிடந்த செருப்பு மாதிரி வெடித்து, விளிம்பை நழுவ விட்டிருந்தது.

நாச்சிமுத்து விளிம்பை விரலால் தொட்டார். பிறகு நடு போல்ட்டைத் தொட்டார். மறுபடி விளிம்பு, மறுபடி போல்ட்.

"எஞ்சின் இங்க, நடுவுல இருக்குதுங்க" என்றார் மெதுவாக.

"ஆமா."

"நான் அங்க, விளிம்புல பாத்துட்டு இருந்திருக்கறேன்."

அவள் ஒயிட்னர் மூடியைத் திருகினாள்.

"அப்ப ஞாயித்துக்கிழமை… ஞாயித்துக்கிழமை வண்டி சரியாத்தான்…"

அவர் உதடு கணக்குப் போட்டது. மூணு, ரெண்டு, ரெண்டு…

ஜெசிந்தா எழுந்து போய்ச் சுவரில் தொங்கிய ஒரு புல்லியை எடுத்து வந்தாள். ரப்பர் இல்லாத, ஒரே வார்ப்பு.

"மத்தியானத்துக்குள்ள மாட்டிரலாம். பிஸ்டன் உச்சிக்கு வர்ற இடத்தை அளந்து புதுசாக் குறியும் போட்டுத் தர்றேன்."

"போட்டாலும், அது சரின்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

ஜெசிந்தா ஸ்பேனர் எடுக்கக் குனிந்தாள். குனிந்தவள், டயர் அடுக்கின் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

நாச்சிமுத்து கைத் துணியில் விரலைத் துடைத்தார். ஒயிட்னர் போகவில்லை. அப்படியே நடந்து போய் மகள் முன்னால், அவள் உயரத்துக்குக் குந்தினார்.

மிருதுளா ஒரு காதிலிருந்து இயர்போனை எடுத்தாள்.

"என்னங்கப்பா?"

"சாமி, ஞாயித்துக்கிழமை வண்டி எப்படி இழுத்துச்சுன்னு சொன்னே? இன்னொருக்காச் சொல்லு."

அவள் இன்னொரு காதிலிருந்ததையும் எடுத்தாள்.